பழவேற்காட்டுச் சரக்கும் பல தேசத்து மனமும்

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் ரயில், பொன்னேரியைக் கடந்து கும்மிடிப்பூண்டியை எட்டுவதற்கு முன் நிற்கும் ஊர் கவரைப்பேட்டை. காலை வேளையில் அந்த நிலையத்து மேடையில் நின்று பார்ப்பவருக்கு, சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகும் சீருடைத் தொழிலாளரும், பொறியியற் கல்லூரிக்கு வந்திறங்கும் மாணவரும், ஜி.என்.டி. சாலையில் ஓயாமல் ஓடும் கன்டெய்னர் லாரிகளும் சேர்ந்து, இது முழுக்க முழுக்க இக்காலத்து ஊர் என்ற எண்ணத்தையே உண்டாக்கும். ஆயினும் கவரை என்ற சொல் தமிழ்நாட்டில் பலிஜ வணிகக் குடியினரைக் குறித்து வழங்கி வந்தது. பேட்டை என்பதோ சந்தை கூடும் இடம். ஊர்ப்பெயர் பிறந்த கதை எதுவாயினும், அதைக் கேட்கும் செவிக்குப் பழைய வியாபாரத்தின் ஒலி எட்டாமற் போவதில்லை. இங்கிருந்து கிழக்கே, ஒரு மணி நேரப் பயணத்தில், ஆரணியாறு உப்பேரியோடு கலக்கும் பழவேற்காடு இருக்கிறது. நிலையத்து வாசலில் தேநீர் பருகும் முதியவர் இடுப்பில் கட்டியிருக்கும் கட்டம் போட்ட லுங்கியின் சரித்திரத்தை ஆராயப் புகுந்தால், அது நம்மை அந்தக் கடற்கரைக்கும், அங்கிருந்து ஜாவா, சயாம், நைஜர் நதியின் கழிமுகம், கரீபியன் தீவுகள், மெக்ஸிகோ, நியூயார்க் ஆகிய இடங்களுக்கும் இழுத்துச் சென்றுவிடும்.

அயல் தேசத்துச் சந்தையில் சரக்கை விற்க விரும்புகிறவன், அத்தேசத்தாரின் ஆசாரங்களுக்கும் மனோபாவத்துக்கும் ஏற்பத் தன் உபாயங்களை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது இன்று நிர்வாகவியல் வகுப்புகளில் சொல்லித்தரப்படும் பாடம். 1983-இல் ஹார்வர்டு பேராசிரியர் தியோடர் லெவிட், உலகத்து ஜனங்களின் ருசி ஒன்றாகிக்கொண்டு வருகிறது, ஆகவே ஒரே சரக்கை ஒரே விதமாக எங்கும் விற்பதே விவேகம் என்று வாதித்துக் கட்டுரை எழுதினார். அதை ஏற்றவரும் மறுத்தவருமாக எழுந்த விவாதம் இன்னும் அடங்கவில்லை. அவ்விவாதத்தில் இரு தரப்பாரும் காட்டும் திருஷ்டாந்தங்கள் பெரும்பாலும் அமெரிக்க, ஜப்பானியக் கம்பெனிகளைப் பற்றியவை. கவரைப்பேட்டையில் அமர்ந்து நிர்வாகவியல் படிக்கும் மாணவன், அதே விஷயத்துக்கு நானூறு ஆண்டுக் காலச் சாட்சியம் தன் ஊருக்குக் கிழக்கே கிடப்பதை அறியாமல் பட்டம் பெற்றுப் போவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் ஒன்று. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அந்த வருத்தமே.

ஐரோப்பியர் இக்கரைக்கு வருமுன்பே பழவேற்காடு கடல்வாணிகத்தில் பெயர்பெற்ற துறைமுகம். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியக் கரைகளைப் பற்றி எழுதிய போர்ச்சுகீசியரான துவார்த்தே பார்போசா, இங்கே ஏராளமாகச் செய்யப்படும் வண்ணப் பருத்தித் துணிகள் மலாக்காவிலும் பெகுவிலும் சுமத்திராவிலும் நல்ல விலைக்குப் போவதைக் குறித்திருக்கிறார். மலாக்காவில் கிளிங் என்று அழைக்கப்பட்ட நம் கரை வணிகர்கள் குடியேறி, செல்வாக்கோடு வாழ்ந்திருந்தார்கள். அவர்கள் அங்கேயே இருந்தார்கள் என்பது சிறிய விஷயம் அன்று. வாங்குகிறவனின் வீட்டுக் கல்யாணத்தையும் இழவையும் பக்கத்துத் தெருவிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் வியாபாரிக்கு, எந்தத் துணி எந்தச் சடங்குக்கு விரிக்கப்படுகிறது, எந்த நிறம் எவருக்கு விலக்கு என்பதைத் தனியாக எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பின்னால் வந்த ஒல்லாந்தர் இந்த உண்மையைச் சிரமப்பட்டுக் கற்றுக்கொண்டார்கள். கிராம்பும் ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் தேடி மொலுக்காத் தீவுகளுக்குப் போன அவர்கள், அங்கே ஐரோப்பியச் சரக்குகளுக்கு மதிப்பில்லை என்பதையும், தீவினர் தங்கள் வாசனைப் பொருள்களுக்கு மாற்றாகக் கேட்பது சோழமண்டலக் கரையின் துணியையே என்பதையும் கண்டார்கள். ஆகவே கிராம்பு வாங்க விரும்பியவன் முதலில் இங்கே வந்து துணி வாங்க வேண்டியதாயிற்று. 1612-இல் ஹென்ட்ரிக் பிரவுவர் என்ற ஒல்லாந்த அதிகாரி, சோழமண்டலக் கரையை மொலுக்காத் தீவுகளின் இடக்கை என்று வர்ணித்து, இத்துணியில்லையேல் அங்கே வியாபாரமே இறந்துபோகும் என்று தம் கம்பெனிக்கு எழுதினார். 1610-இல் விஜயநகர அரசர் வேங்கடபதியின் அனுமதி பெற்று நிலைகொண்ட ஒல்லாந்தர், 1613-இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-இல் தலைமை நாகப்பட்டினத்துக்கு மாறும் வரையில் இக்கரையில் அவர்களது வியாபாரத்தின் தலைமையிடம் அதுவே. கோட்டை இன்று மேடாகவும் புதராகவும் கிடக்கிறது. அருகேயுள்ள ஒல்லாந்தர் கல்லறைகளின் செதுக்கு வேலைப்பாடு மட்டும் காண்பவர் கண்ணை இன்னமும் நிறுத்துகிறது.

இந்த வியாபாரத்தின் உயிர்நாடி மாதிரி என்ற ஒரு சொல்லில் அடங்கியிருந்தது. எந்தத் தீவில் எந்தத் துணி விலைபோயிற்று, எது கட்டுப் பிரிக்காமலே திரும்பிற்று என்ற விவரம் ஜாவாவில் ஒல்லாந்தரின் தலைமையிடமான பத்தேவியாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து அடுத்த பருவத்துக்கு வேண்டிய சரக்கின் ஜாபிதாவும், சில சமயம் துணியின் துண்டுகளும், வரைந்த கோலங்களும் பழவேற்காட்டுக்கு வந்தன. பருவக்காற்றுக்குக் கட்டுப்பட்ட அக்காலத்தில், ஒரு கோலத்தில் நேர்ந்த பிழையைத் திருத்திய சரக்கு மீண்டும் அதே தீவை அடைய ஓராண்டுக்கு மேலும் ஆகும். ஆதலின் பிழை செய்யாதிருப்பதே லாபம். பிழை செய்யாதிருக்க ஒரே வழி, வாங்குகிறவன் கேட்டதைக் கேட்டபடியே செய்வது. ஜாவாவுக்குப் போகும் துணியின் இரு முனைகளிலும் கூர்முக்கோணங்கள் வரிசையாக நிற்க வேண்டும். தும்பால் என்று அவர்கள் சொல்லும் அந்தக் கரை இல்லாவிட்டால் அது அவர்களுக்குத் துணியே அன்று. சயாமிய ராஜசபைக்குப் போகும் துணியில் கைகூப்பிய தேவ உருவங்களும் தீச்சுடர் போன்ற கொடிகளும் வேண்டும். அயுத்தயா நகரத்திலிருந்தே கோலங்கள் வரைந்து அனுப்பப்பட்டன. அவ்வகைத் துணிக்கு அவர்கள் இட்ட பெயரான பா லாய் யாங் என்பதற்கே மாதிரியைத் தழுவிய கோலத்துணி என்று பொருள். இஸ்லாமியச் சந்தைகளுக்குப் போன துணிகளில் உயிருருவங்கள் விலக்கப்பட்டு, பூவும் கொடியும் கட்டமுமே இடம்பெற்றன. ஒரே கரையில், ஒரே சாயவேரின் சிவப்பையும் ஒரே அவுரியின் நீலத்தையும் கொண்டு, இத்தனை தேசத்து மனங்களுக்கும் தனித்தனியாகத் துணி தயாரானது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாறியவை கோலமும் அளவும் கரையும். மாறாதது சாயத்தின் உறுதி. எத்தனை முறை துவைத்தாலும் மங்காத சிவப்பு பல தேசத்தார்க்கும் அக்காலத்தில் எளிதில் கைவராத வித்தை. எதை மாற்றலாம், எதில் கைவைக்கலாகாது என்ற இந்த விவேகமே இவ்வியாபாரத்தின் சாரம் என்று நான் கருதுகிறேன். சுலவேசியின் தொராஜர், தங்களுக்கு வந்து சேர்ந்த இந்தியத் துணிகளை உடுத்திக் கிழிக்காமல், குலச்சொத்தாகப் பொதிந்துவைத்துச் சடங்குகளுக்கு மட்டுமே வெளியில் எடுத்தார்கள். தலைமுறைகள் கடந்தும் நிறம் நின்றதால்தான் அத்துணி அந்த ஸ்தானத்தை அடைய முடிந்தது.

மாதிரியைக் கொடுத்தவன் ஒல்லாந்தன். அதை நெசவாளிக்குப் புரியவைத்து, முன்பணம் கொடுத்து, சரக்கை வாங்கிச் சேர்த்தவர்கள் இவ்வூர் வணிகர்கள். அவர்களுள் தலையானவர் அச்சுதப்ப செட்டி. ஒல்லாந்தருக்கு மொழிபெயர்ப்பாளராகத் தொடங்கி அவர்களது முதன்மை வணிகராக அவர் உயர்ந்தார்; 1634-இல் அவர் இறந்தபின் அவருடைய தம்பி சின்னண்ண செட்டி அவ்விடத்தை வகித்தார். ஒல்லாந்தர் ஏடுகளில் மலையா என்ற பெயரால் அறியப்படும் இக்குடும்பத்தினர் பலிஜர், அதாவது தமிழ் வழக்கில் கவரைகள். இவர்கள் கம்பெனிக்குச் சரக்குச் சேர்த்ததோடு நில்லாமல், தங்கள் சொந்தக் கப்பல்களையும் கிழக்குக் கடல் துறைகளுக்கு அனுப்பினார்கள். இரண்டு மொழிக்கும் இரண்டு வழக்கத்துக்கும் இடையே நின்று அர்த்தம் சொல்லும் மனிதன் இல்லாமல் அயல்நாட்டு வியாபாரம் ஓரடியும் நகர்வதில்லை. கம்பெனிகளின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் கவர்னர்களின் வரிசையைச் சொல்லிவிட்டு இவர்களை ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுவது நியாயமாகாது.

ஆங்கிலேயரும் இதே பாடத்தைப் படித்தவர்களே. 1643-இல் லண்டனிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் சூரத்துக்கு எழுதிய கடிதத்தில், இருண்ட சிவப்புத் தளம் கொண்ட மெத்தைவிரிப்புகள் எல்லோருக்கும் பிடிக்கவில்லை, இனி வெள்ளைத் தளத்தில் நடுவே வண்ணப் பூங்கிளைகள் வருமாறு அனுப்புக என்று கேட்டிருக்கிறார்கள். சிவப்பு நமக்கு மங்கலம். அவர்களுக்கு அது கண்ணை இருட்டிற்று. எவர் கண்ணுக்கு எது சரி என்ற விசாரணையில் இறங்காமல், இந்தியச் சித்திரக்காரர்கள் வெள்ளைத் தளத்துக்கு மாறினார்கள்; ஐரோப்பாவின் படுக்கையறைகளை நிரப்பிய சீட்டித் துணி அந்த மாற்றத்தின் வழியே வளர்ந்தது.

இவ்வளவையும் புகழ்ந்து எழுதும் பேனா, இதன் மறுபக்கத்தை மறைக்கலாகாது. தறியில் அமர்ந்தவன், தன் துணியை உடுத்தப்போகும் முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. லாபத்தின் பெரும்பங்கும் அவன் வீட்டுக்கு வந்ததில்லை. அதனினும் கொடியது, இதே பழவேற்காட்டிலிருந்து, பஞ்சமும் போரும் நேர்ந்த ஆண்டுகளில், பசியால் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றுக்கொண்ட ஜனங்களை அடிமைகளாகக் கப்பலேற்றி ஒல்லாந்தர் பத்தேவியாவுக்குக் கொண்டுபோனார்கள் என்பது. மேற்கே, ஆப்பிரிக்கக் கரையில், ஐரோப்பியர் மனிதர்களை விலைக்கு வாங்கக் கொடுத்த சரக்குகளுள் இந்தியத் துணி முதன்மையான ஒன்று. வாங்குகிறவனின் ருசியறிந்து நெய்த அதே நேர்த்தி அங்கே அந்தப் பாவத்துக்கும் பயன்பட்டது. பிறர் மனத்தை அறியும் வித்தை தானாகவே கருணையாகிவிடுவதில்லை என்பதை இக்கடற்கரை நன்கு அறியும்.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், போராலும் பஞ்சத்தாலும் சோழமண்டலத் துணியின் விலை ஏறியபோது, ஜாவாவின் ஜனங்கள் மெழுகும் சாயமும் கொண்டு தாங்களே எழுதிய பாத்திக் துணிக்கு மேலும் மேலும் திரும்பினார்கள். இந்தியத் துணியின் கோலங்கள் பல அதில் குடியேறின. இத்தனை காலம் மாதிரி கொடுத்து வாங்கியவர்கள், நம் துணியையே மாதிரியாக வைத்துக்கொண்டார்கள். ஆயினும் மலாய் நாடுகளில் நம் கட்டத்துணிக்கு இருந்த இடம் போகவில்லை. பழவேற்காட்டின் பெயர் திரிந்து கைன் பெலெக்கட் என்று அங்கே வழங்கும் சாரம், மசூதிக்குச் செல்லும் ஆடவரின் கண்ணியமான உடை. நடுவே வேறு வண்ணத்தில் ஓடும் பட்டையை அவர்கள் கெப்பாலா, அதாவது தலை என்பார்கள். கட்டும்போது அது பின்புறம் நிற்க வேண்டும். நம் ஊரில் வேலை நேரத்துக்கும் வீட்டுத் திண்ணைக்கும் உரியதாகிவிட்ட லுங்கி, கடலைக் கடந்ததும் தொழுகைக்குரிய உடையாவது எண்ணி வியக்கத்தக்கது.

கட்டத்துணி சதுரக் கைக்குட்டையாகவும் உலகைச் சுற்றியது. சென்னையிலிருந்து மணிலாவுக்கும், அங்கிருந்து ஸ்பானியரின் கப்பல்களில் அகபுல்கோவுக்கும் சென்ற துணியால், மெக்ஸிகோவில் இன்றும் கழுத்திலோ தலையிலோ கட்டும் வண்ணக் குட்டைக்குப் பழவேற்காட்டின் பெயர் திரிந்த பாலியகாத்தே என்று பெயர். அந்நாட்டு விடுதலைப் போரின் தலைவர் மொரேலோஸின் சித்திரங்களில் தலையைச் சுற்றி நாம் காணும் துணி அத்தகையதே. மார்த்தினீக், குவாதலூப் தீவுகளில் அதற்கு மத்ராஸ் என்றே பெயர். வெளிர்க் கோடுகளின்மேல் மஞ்சள் வர்ணத்தைக் கையால் தீட்டி அதை ஒளியேற்றிக்கொண்ட அத்தீவுப் பெண்கள், தலைக்கட்டில் எழும்பும் முனைகளின் எண்ணிக்கையால், தாம் மணமாகாதவரா, நிச்சயிக்கப்பட்டவரா, மணமானவரா என்பதைக் குறிப்பாகச் சொன்னார்கள். நெய்தவனுக்கு இந்தப் பாஷை தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

தெரிந்தே ஆகவேண்டிய சமயம் ஒன்று 1958-இல் வந்தது. பின்னாளில் லீலா ஹோட்டல்களை நிறுவிய கண்ணூர்க்காரரான கிருஷ்ணன் நாயர், கைத்தறியில் நெய்து இயற்கைச் சாயமேற்றிய மதராஸ் துணியை ஓர் அமெரிக்க இறக்குமதியாளருக்கு விற்றபோது, இதன் சாயம் தண்ணீரில் கசியும், குளிர்ந்த நீரில் பக்குவமாகத் துவைக்க வேண்டும் என்று சொல்லியே விற்றார். அந்த எச்சரிக்கை, துணியை வாங்கிச் சட்டையாகத் தைத்து விற்ற புரூக்ஸ் பிரதர்ஸின் வாடிக்கைக்காரர் வரை போய்ச் சேரவில்லை. சட்டையின் சாயம் மற்றத் துணிகளிலும் ஏற, புகார்கள் குவிந்தன. நம் பக்கத்து வியாபாரி ஒருவர் இந்நிலையில் மன்னிப்புக் கேட்டுச் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வதே வழக்கம். நாயரோ நியூயார்க்குக்குப் போய், இளம்பெண்களுக்கான ஒரு பத்திரிகையின் வாயிலாக, ஒவ்வொரு துவைப்பிலும் வண்ணங்கள் ஒன்றோடொன்று கசிந்து கலந்து புதிய அழகு கொள்ளும் அற்புதமான கைத்தறித் துணி இது என்று எடுத்துச் சொன்னார். பிறகு வந்த விளம்பரங்களில், சாயம் கசியும் என்பதே உத்தரவாதமாக அச்சிடப்பட்டது. அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் அதற்காகவே அதை விரும்பி வாங்கினார்கள். துணியில் ஓர் இழைகூட மாறவில்லை. முதலில் விடுபட்டுப்போன உண்மை, அந்த ஜனங்களுக்குப் புரியும் வார்த்தையில் அவர்களைச் சென்றடைந்தது, அவ்வளவே. அங்கே மங்காத சிவப்பு போற்றப்பட்டது, இங்கே மங்கும் வண்ணம் போற்றப்பட்டது என்பதைச் சேர்த்துப் பார்க்கும்போது, குணம் என்பதும் குறை என்பதும் வாங்குகிறவனின் வாழ்க்கையில்தான் தீர்மானமாகின்றன என்று தோன்றுகிறது.

இன்று காற்று எதிர்த் திசையில் வீசுகிறது. கவரைப்பேட்டையிலிருந்து அதே சாலையில் வடக்கே போய், ஆரம்பாக்கத்தைக் கடந்து ஆந்திர எல்லைக்குள் நுழைந்தால், ஸ்ரீசிட்டியில் உலகத்துக் கம்பெனிகள் பலவற்றின் ஆலைகள் நிற்கின்றன. அவற்றுள் ஒன்று கெல்லாக்ஸ். 1994-இல் அது இந்தியாவுக்கு வந்தபோது, குளிர்ந்த பாலில் மொறுமொறுப்பாக உண்ணும்படி செய்த சோளச் செதில்களை, காலையில் பாலைக் காய்ச்சிச் சூடாகவே அருந்திப் பழகிய வீடுகளுக்குக் கொண்டுவந்தது. சூடான பாலில் அவை குழைந்துபோயின. காலையுணவில் சூட்டையும் காரத்தையும் எதிர்பார்க்கும் ஜனங்களின் நாக்கை அறிந்துகொள்ள அக்கம்பெனிக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. பழவேற்காட்டு வணிகன் ஒரு துணித்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட கேள்வியை, முதலிலேயே ஒரு சமையலறை வாசலில் நின்று கேட்டிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

இந்தத் துணியின் யாத்திரையில் என் மனத்தை மிகவும் ஈர்த்த இடம் நைஜர் கழிமுகம். அங்கே புகுமா முதலிய தீவூர்களில் வாழும் கலாபாரி மக்கள், சென்னையைச் சுற்றிய மாவட்டங்களிலும் ஆந்திரக் கரையிலும் நெய்யப்பட்ட கட்டத்துணியை இஞ்சிரி என்ற பெயரால் தங்கள் குலத்துணியாகவே கொண்டாடுகிறார்கள். குழந்தை பிறந்தபோதும், பெரியோர் இறந்து அவர்களுக்கெனச் சடங்குக் கட்டில் அலங்கரிக்கப்படும்போதும், அத்துணியின்றிக் காரியம் நடவாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மான்செஸ்டர் ஆலைகள் இதே கட்டங்களை இயந்திரத்தில் நெய்து மலிவாக அனுப்பிப் பார்த்தன. கோலத்தில் பிழையில்லை, ஆயினும் மேற்கு ஆப்பிரிக்க வாங்குநர்கள் துணியைத் தொட்டும் முகர்ந்தும் பார்த்துப் போலியைத் தள்ளினார்கள். அதனாலேயே நம் சரக்கு அசல் மதராஸ் கைக்குட்டை என்று, அசல் என்ற அடைமொழியோடு விற்கப்பட வேண்டியதாயிற்று. கண்ணால் கண்டதை மட்டும் நகலெடுத்த ஆலைக்காரர், வாங்குகிறவர் விரலாலும் மூக்காலும் துணியை அறிகிறார் என்பதை அறியவில்லை.

அதற்கு மேலும் கலாபாரிப் பெண்கள் ஒரு காரியம் செய்கிறார்கள். கட்டங்களின் இழைகளை எண்ணி, தேர்ந்தெடுத்த சிலவற்றைக் கூர்மையான கத்தியால் அறுத்து உருவிவிடுகிறார்கள். எஞ்சிய இழைகளுக்கிடையே நுண்ணிய துவாரங்கள் தோன்றி, பழைய கட்டத்தின்மேல் புதியதொரு கோலம் எழுகிறது. அறுத்த அத்துணிக்குப் பெலெத்தே பித்தே என்று பெயர். அம்மக்களுள் ஒருவரான அறிஞர் தோன்யே எரெகோசிமாவும் அமெரிக்கப் பேராசிரியர் ஜோவான் ஐக்கரும் 1981-இல் இதை ஆராய்ந்து எழுதியபோது, அயல்பொருளைத் தேர்ந்தெடுத்தல், அதற்குத் தம் மொழியில் பெயரிடுதல், தம் வாழ்வின் நிகழ்ச்சிகளில் சேர்த்துக்கொள்ளுதல், இறுதியில் அதன் உருவையே மாற்றுதல் என்று நான்கு படிகளைக் காட்டினார்கள். சந்தைக்கேற்பச் சரக்கை மாற்றுவது விற்பவனின் வேலை என்றே எண்ணிப் பழகிய நமக்கு, வாங்குகிறவளின் கையில் அவ்வேலை முற்றுப்பெறுவதை அந்த ஆராய்ச்சி காட்டிற்று.

பல மாதப் பிரயாணத்துக்கப்பால் உள்ள ஒரு தறியில், பாவில் இத்தனை சிவப்பு, இத்தனை நீலம் என்று நெசவாளி ஒருவன் எண்ணிச் சேர்த்த இழைகளை, புகுமாவில் ஒரு பெண் அதே கவனத்தோடு எண்ணி அறுக்கிறாள். அறுத்து முடித்த துணியை அவள் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறாள். வீட்டில் ஒரு முதியவள் கண்மூடும் நாளில் அது வெளியே எடுக்கப்பட்டுக் கட்டிலின்மேல் விரிக்கப்படும்.